'நாளை வரும்' என்று போடு

ஜூன் 14

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. அதை நான் வீட்டு ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. நீ சௌக்கியமா? விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அறைக் கதவின் தாழ்ப்பாளை முதலில் ஆட்டிப் பார். ஆடினால் எழுது, நம் கடையிலிருந்து அனுப்புகிறேன். விடுதி நடத்துகிறவர்கள் போடுவதெல்லாம் தகரம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எனக்குக் காது மந்தம். போனைச் சத்தமாக வைத்தால்தான் கேட்கிறது. சத்தமாக வைத்தால் ஆணி வாங்க வந்தவன்கூட நம் குடும்ப விஷயத்தில் கருத்துச் சொல்லிவிட்டுப் போகிறான். அதனால் எழுத்துதான்.

நீ எதற்குப் போயிருக்கிறாய் என்பது நினைவிருக்கட்டும். கம்ப்யூட்டர் சிஸ்டம், நெட்வொர்க், வெப் புரோகிராமிங், மூன்றும் ஒரே வருஷத்தில். முடித்துவிட்டு வந்ததும் கல்லாவில் நீதான் உட்காரப் போகிறாய். இரண்டாவது கடைக்குச் சந்தைத் தெருவில் இடம் பார்த்துவிட்டேன். இவ்வளவு வயதுக்கு மேல் மருமகளைப் படிக்க அனுப்பினாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிக்கிறவன் கடையில் ஈ ஓட்டுகிறான்.

உன் புருஷன் நலம். பெட்டி அடுக்குகிறான்.

இப்படிக்கு,
அத்தை

ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரம். நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை தைலத்தையும் விற்றுவிட்டீர்களா? தாழ்ப்பாள் ஆடவில்லை. ஜன்னல் கொக்கிதான் ஆடியது. நானே முறுக்கிவிட்டேன்.

அறையில் என்னோடு இரண்டு பெண்கள். இருவரும் நேற்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த மாதிரி இருக்கிறார்கள். முதல் நாள் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, "ஹார்ட்வேர்ல அனுபவம் உண்டா?" என்று கேட்டார். ஆறு வருஷம் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எந்தக் கம்பெனி என்றார். கீல், தாழ்ப்பாள், குழாய் என்றேன். அன்றிலிருந்து என் பெயர் தாழ்ப்பாள் அக்கா.

இந்த மாதம் கம்ப்யூட்டர் சிஸ்டம். ஒரு பெட்டியைப் பிரித்து மேஜையில் பரப்பிவிட்டு, திரும்பப் பூட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் முடித்துவிட்டேன். நினைவகம் என்று ஒன்று இருக்கிறது. கடைமேஜை மாதிரி. அதில் இருப்பது சட்டென்று கைக்கு வரும். டிஸ்க் என்பது கிடங்கு. போய் எடுத்து வர நேரமாகும். மின்சாரம் போனால் மேஜையில் இருப்பதெல்லாம் மறைந்துவிடும்.

கணக்கர் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாரா? பெயின்ட் டப்பா மேல் தூங்கும் பூனை குட்டி போட்டதா? எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்

ஜூலை 21

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே சுகம். அங்கே உன் சுகத்துக்கு எழுது. மின்சாரம் போனால் காலியாகிவிடும் மேஜை என்ன மேஜை? கணக்கர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். உன்மேல் கோபம் என்று இல்லை. நீ திரும்பி வந்தால் தன் நாற்காலி போய்விடும் என்று பயம். பயப்படட்டும், கூட்டல் தப்பாமல் போடுவார். பூனை குட்டி போட்டுவிட்டது, கீல் பெட்டிக்குள்.

இங்கே ஒரு கூத்து. உன் புருஷன் என்னைக் கேட்காமல் பித்தளைக் கைப்பிடி ஒரு பெட்டி சொல்லியிருக்கிறான். பளபள என்று இருக்கும், ஆனால் யார் வாங்குவார்கள்? நான் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் பாட்டுக்குப் பெட்டி அடுக்கப் போய்விட்டான். அவன் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே, வைத்த இடத்தில் இருக்கிற பிள்ளை.

சந்தைத் தெரு இடத்துக்காரர் முடிவு சொல்லச் சொல்லி நெருக்குகிறார். நம் கடையைக் கம்ப்யூட்டரில் எப்போது போடப் போகிறாய்? எதிர்க்கடைக்காரன் போட்டுவிட்டானாம். அவன் கடையில் சரக்கைவிடத் தூசி அதிகம். அவனே போடும்போது நமக்கென்ன?

அத்தை

ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உடம்பு நலம். பதில் தாமதம், கோபிக்காதீர்கள். நெட்வொர்க் பாடம் ஆளை விழுங்குகிறது. உங்கள் முழங்காலுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா? பார்த்தேன் என்று எழுதினால் நம்பமாட்டேன், மருந்தின் பெயரையும் எழுதுங்கள்.

கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். வரிசை மாறாமல் கண்ணாடி போன்ற சின்னப் பிளாஸ்டிக் முனைக்குள் நுழைத்து இடுக்கியால் ஒரே அழுத்து. வரிசை ஒன்று மாறினாலும் பேசாது. கூடத்தில் கூரைக்குக் கீழே ஏணி போட்டு நாங்களே இழுத்தோம். ஏணியில் ஏற எனக்குப் பயமில்லை என்பதால் தினமும் என்னைத்தான் ஏற்றுகிறார்கள்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு "இருக்கியா?" என்று கேட்டு அனுப்பலாம். இருந்தால் "இருக்கேன்" என்று திரும்பி வரும். பதில் வராவிட்டால் அது செத்துப்போய்விட்டது என்று எழுதக்கூடாது, மதிப்பெண் போய்விடும். கம்பி அறுந்திருக்கலாம். பதில் சொல்லாதே என்று யாராவது அதைக் கட்டி வைத்திருக்கலாம்.

அடுத்து வெப் புரோகிராமிங். ஆளுக்கு ஒரு தளம் செய்யவேண்டும். நான் நம் கடையை எடுத்துக்கொண்டேன். சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வேண்டும். சரக்கு தீர்ந்துவிட்டால் என்ன போடுவது? எல்லோரும் 'இருப்பு இல்லை' என்று போடுகிறார்கள். போடட்டுமா?

கணக்கருக்கும் பூனைக்குட்டிகளுக்கும் என் விசாரிப்பு.

மருமகள்

செப்டம்பர் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். மருந்தின் பெயர் வாயில் நுழையவில்லை. மஞ்சள் மாத்திரை, போதுமா?

'இல்லை' என்ற சொல் நம் கடையில் கிடையாது. நீ ஆறு வருஷம் பார்த்திருக்கிறாய், கேட்கலாமா இதை? நான் கோணிப்பையை நடைபாதையில் விரித்து ஆணி விற்ற நாளிலிருந்து அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இல்லை என்று கேட்டவனுடைய கால் அடுத்த கடைக்குத் திரும்பிவிடும். திரும்பிய கால் நம் பக்கம் மறுபடி வராது. 'நாளை வரும்' என்றால் ஆள் நாளைக்கு வருவான். அதற்குள் எங்கேயாவது வாங்கி வைத்துவிடுவோம். வியாபாரம் அவ்வளவுதான். 'நாளை வரும்' என்று போடு.

இன்னொன்று. என் முழங்காலை விசாரித்தாய். கணக்கரை விசாரித்தாய். பூனையை, குட்டிகளை விசாரித்தாய். இரண்டு கடிதம் எழுதினாய். என் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் நாலு எழுத்து படித்தவள்தான், ஆனால் தராசு பார்க்கிறவள். எந்தத் தட்டு காலி என்று எனக்குத் தெரியும்.

அத்தை

அக்டோபர் 26

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? பருவத் தேர்வு முடிந்தது. மூன்றிலும் தேறிவிட்டேன். நெட்வொர்க்கில் வகுப்பில் முதல்.

கடையின் தளம் தயார், இரண்டு வாரமாக ஓடுகிறது. கடைக் கம்ப்யூட்டரில் கணக்கர் தினமும் சாயங்காலம் இருப்பைப் பதிந்தால் போதும். எப்படிச் செய்வது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். தீர்ந்த சரக்குக்கு எதிரே 'நாளை வரும்' என்று தானாகவே வரும். ஆசிரியர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு வரும்னு எதை வச்சும்மா சொல்றே? ஆர்டர் போட்டிருக்கா?" என்றார். எங்கள் கடை வழக்கம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

ஒரு சின்ன சந்தேகம். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று சர்வரில் பதிவாகும். நம் கடையின் இணைப்பிலிருந்து தினமும் மத்தியானம் ஒருவர் வருகிறார். விலைப் பட்டியலைப் பார்ப்பதில்லை. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை மட்டும் திறக்கிறார். அதில் நான் கடையில் நிற்கும் படம் ஒன்று போட்டிருந்தேன். நீங்களா பார்க்கிறீர்கள்?

நீங்கள் போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

மருமகள்

நவம்பர் 6

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். நான் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டதுகூட இல்லை. தொட்டால் ஏதாவது விழுந்துவிடும். கணக்கர் மத்தியானம் தூங்குவார். அந்த நேரத்தில் கடையில் வேறு யார் இருப்பது என்று உனக்கே தெரியும்.

முதல் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், ஒரு சாவி வாங்க வந்தவரையும் விடவில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். சந்தைத் தெரு இடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன். நீ வருவாய் என்றுதான் போடுகிறேன். எப்போது வருகிறாய்? தேதி எழுது. 'பிறகு எழுதுகிறேன்' என்று சொல்லாதே. நாளைக்கு நாளைக்கு என்று ஆளை நிறுத்தி வைப்பது என் தொழில். என்னிடமே அதை விற்காதே.

நீ முதல் தடவை கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? ஒரு தாழ்ப்பாள் வாங்கினாய். துளை தள்ளி இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தாய். மாற்றிக் கொடுத்ததையும் திருப்பிக் கொண்டுவந்தாய். அப்போதே இவள்தான் என் மருமகள் என்று முடிவு செய்துவிட்டேன். அவனிடம் அதற்கப்புறம்தான் சொன்னேன்.

அத்தை

டிசம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உடம்பு நலம். மனசு நிலையாக இல்லை. ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன். இந்தக் கடிதத்தை எத்தனை தாளில் தொடங்கிக் கிழித்தேன் என்று அறைப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். நான் வருவேன் என்று நம்பிப் போடாதீர்கள்.

கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் சேரலாம். சேரலாம் என்றுதான் இருக்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் குறை கிடையாது. என் அம்மாவே என்னைப் படிக்க அனுப்பியிருக்க மாட்டாள். ஆனால் நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்ததை உங்களிடம் சொல்லவேண்டும். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று துணிகளை எடுத்துக் கொடுத்தார். "நான் போகவா, வேண்டாமா? உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். "அம்மா என்ன சொன்னாங்க?" என்றார்.

அவ்வளவுதான் அத்தை. அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போ என்றால் சிரித்துக்கொண்டு போயிருப்பேன். நான் உங்களைக் கல்யாணம் செய்துகொண்டு உங்கள் கடையில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவர் எங்கே இருந்தார் என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் விசாரிக்கவில்லை. யாரென்று தெரியாதவரை எப்படி விசாரிப்பது?

கோபம் வரும். வரட்டும். ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மருமகள்

ஜனவரி 22

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. எனக்கு அது வேண்டியதுதான். இது வேறு விஷயம்.

தளத்துக்கு வாடிக்கையாளர் எழுதுவதெல்லாம் எனக்கும் ஒரு பிரதி வரும். நேற்று ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'நான் பள்ளிக்கூடக் கட்டடம் எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர். பெரிய கதவுக்கான கீல் நாளை வரும் என்று உங்கள் தளத்தில் போட்டிருந்ததை நம்பி ஆட்களை வேலைக்கு வரச்சொல்லிவிட்டேன். மறுநாள் வந்தால் நாளைக்கு என்றார்கள். அதற்கு மறுநாளும் நாளைக்கு. அந்த அளவில் கீலை உங்கள் கடை ஒருநாளும் வாங்கி வைத்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கோர்ட்டுக்குப் போயிருப்பேன். உங்கள் கடைத் தம்பி ஒருவர் நடந்துகொண்ட விதத்துக்காக விட்டுவிட்டேன். அவருக்கு நன்றி சொல்லவும்.'

அவர் போட்டிருக்கும் தேதிப்படி இது மூன்று வாரத்துக்கு முன்பு நடந்திருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதவில்லை. தப்பு என்னுடையது, கடையில் இல்லாத அளவையும் பட்டியலில் ஏற்றி நான்தான் அப்படி எழுதி வைத்தேன். ஆசிரியர் கேட்ட கேள்வி சரிதான். உங்களைக் கேட்காமலேயே மாற்றிவிட்டேன். இனிமேல் தீர்ந்த சரக்குக்கு 'இருப்பு இல்லை' என்றுதான் வரும். எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்தால் அந்தத் தேதி வரும்.

அந்தத் தம்பி யார் அத்தை?

மருமகள்

பிப்ரவரி 7

அன்புள்ள மருமகளுக்கு,

இருக்கிறேன். மாத்திரையை நிறுத்தவில்லை.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றிலும் வசவுதான் வந்தது. வசவை வைத்து வியாபாரம் நடக்காது, அதனால் அனுப்பவில்லை. சந்தைத் தெரு இடத்தை விட்டுவிட்டேன்.

காண்ட்ராக்டர் விஷயம் நடந்ததுதான். அவர் கடை வாசலில் நின்று கத்துகிறார். பின்னால் அவருடைய ஆட்கள். நான் கல்லாவிலிருந்து, "நாளைக்குக் காலையில வந்துடுங்க, சரக்கு லாரியில ஏறிடுச்சு" என்கிறேன். எந்த லாரி என்று எனக்கே தெரியாது. அப்போது உள்ளிருந்து உன் புருஷன் வந்தான். கையில் பூனைக்குட்டி வேறு. "இல்லைங்க. நாளைக்கும் வராது. எங்க மேலதான் தப்பு" என்றான்.

அவன் சொன்னது என் மந்தக் காதுக்கும் கேட்டது.

குட்டியைக் கணக்கர் மடியில் போட்டுவிட்டு நேராக எதிர்க்கடைக்குப் போனான். நான் இருபது வருஷமாக முகம் பார்க்காத கடை. அங்கே கேட்டு, அந்தக் கடைக்காரன் சொன்ன இன்னொரு கடைக்கும் போய், மத்தியானத்துக்குள் கீலை வாங்கி, கட்டட வேலை நடக்கிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஆட்களோடு நின்று நாலு கதவையும் மாட்டிவிட்டு வந்தான். நான் விட்டேனா? வாடிக்கைக்காரன் எதிரில் என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று சாயங்காலம் முழுவதும் பொழிந்தேன். அவன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "நான் அவளைப் பார்க்கப் போறேன்மா" என்றான்.

வருஷக் கணக்கு முடியட்டும் என்றேன். சரி என்று தலையாட்டுவான் என்று நினைத்தேன். ஆட்டவில்லை. ஒரு மாதம் வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்தான், எதை எங்கே வைத்திருக்கிறான் என்று கணக்கருக்குக் காட்டிக் கொடுத்தான். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றான். என் பிள்ளை எங்கே எவ்வளவு நாள் இருப்பான் என்று எனக்குத் தெரியாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

இன்று காலை பஸ் ஏறிவிட்டான். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவன் வந்துவிடுவான். உள்ளே விடுவதும் விடாததும் உன் பாடு. நான் சொல்லி அனுப்பவில்லை. சத்தியமாகச் சொல்லி அனுப்பவில்லை.

நீ மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது ஆட்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள். வந்தவர்கள் கத்துவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அத்தை

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்துக்கு உடனே எழுதுங்கள். தனியாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பு பாடத்தில் கவனம் வைக்கவிடவில்லை.

விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அதனால் உள்ளே விடுவதா என்ற கேள்வி எனக்கு வரவில்லை. வாசலில் நின்றார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்றேன். சாப்பிட்டேன் என்றார். பொய்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். அடுத்த நாளே தெருத்தெருவாக நடந்து, கதவு ஜன்னல் செய்கிற பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். யாரும் சொல்லிச் சேரவில்லை. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் நடப்போம். முதல் வாரம் கோபமாகவே நடந்தேன். அவர் பேசுகிறார் அத்தை. பித்தளைக் கைப்பிடியைப் பற்றி ஒரு தெரு முழுவதும் பேசினார். அது விற்றிருக்கும் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, "நான் இங்கேயே இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். நீ கூட இருந்தா நல்லா இருக்கும். இல்லைன்னாலும் இருப்பேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டே வீடு பார்க்கிறோம்.

இதற்கு உங்கள் சம்மதம் கேட்கவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் உங்களுக்குத் தனியாக எழுதுவார். எப்படித் தொடங்குவது என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மருமகள்

மார்ச் 19

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீ சுகமா?

உனக்கு இதுவரை நான் கடிதம் எழுதியதில்லை. எழுதும்படி நீ எங்கேயும் போனதில்லை. உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்து இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெட்டி மேல் அளவு எழுதுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பட்டறையில் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய். முதலாளி எப்படிப்பட்டவர்? கத்துவாரா? கத்துகிறவராக இருந்தால் பரவாயில்லை, உனக்குப் பழக்கம்தான்.

கடை நடக்கிறது. கணக்கர் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டார், அவராகவே. ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். பேரம் பேசத் தெரியவில்லை, பொய்யும் சொல்லத் தெரியவில்லை. கற்றுக்கொள்வாள் என்று இருக்கிறேன். எதை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று பூட்டுக் கம்பெனி ஆள் வந்தார். சாவி இல்லாமல் எண்ணை அழுத்தித் திறக்கிற பூட்டாம். நம் கடையில் வைக்கிறீர்களா, இந்த வட்டாரத்துக்கே உங்களுக்குத்தான் என்றார். எனக்கு அது பொம்மை மாதிரி இருக்கிறது. ஆனால் நீ கதவு செய்கிற இடத்தில் இருக்கிறாய். அங்கே ஜனங்கள் கேட்கிறார்களா? உடையுமா? மழையில் என்ன ஆகும்? வாங்கலாமா, வேண்டாமா? உனக்கு என்ன படுகிறது என்று எழுது.

அந்த ஆள் வெள்ளிக்கிழமையே முடிவு வேண்டும் என்று அடம் பிடித்தார். முடியாது, என் பிள்ளையிடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா